உத்தரத்துக்கு அந்தப் பக்கம்

போன வாரம், அழைப்பு மணி அடித்ததும் அலறியடித்துக்கொண்டு எழுந்து ஓடிய மனிதரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

வந்தது மகளோ என்று பயந்துதான் அவர் ஓடினார். மகள் இல்லை. கீழே பார்சல் வந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வந்த வாட்ச்மேன். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாட்ச்மேன் பின்னாலேயே படியிறங்கினார்.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர் தீயணைப்புத் துறையில் கட்டடங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறைக்குப் புகை டிடெக்டர், எந்த அறைக்குச் சூட்டு டிடெக்டர், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கூரையை அண்ணாந்து பார்த்தே காலத்தை ஓட்டியவர். ஒரு விரற்கடை பிசகினாலும் பேனாவைத் திறக்க மாட்டார். காண்டிராக்டர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் 'விரக்கடையார்'. அது அவர் காதுக்கும் எட்டியது. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். உள்ளுக்குள் அது அவருக்குப் பதக்கம்.

மனைவி போன பிறகு வீட்டை விற்றுவிட்டு மகளோடு வந்து சேர்ந்தார். மகள் பல் டாக்டர். மாப்பிள்ளை ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மேலாளர். இந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். மாப்பிள்ளையின் அம்மா கண் ஆபரேஷன் செய்துகொண்டு, ஒரு கண்ணில் கட்டோடு மகன் வீட்டில் ஓய்வில் இருக்கிறார். விரக்கடையாருக்கு நுரையீரல் சரியில்லை. "இனி ஒரு சிகரெட்கூடக் கூடாது" என்று டாக்டர் சொன்ன அன்று, மகள் அப்பாவின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள்.

அந்தச் சத்தியத்தை அவர் எங்கே வைத்து உடைத்தார் என்பதுதான் கதை.

இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த முதல் நாளே அவர் கண் மேலே போனது. பழக்க தோஷம். படுக்கையறைகளுக்கும் துணி இஸ்திரி போடும் சின்ன அறைக்கும் பொதுவாக ஒரு நடை. அந்த நடையின் கூரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கான்கிரீட் உத்தரம், முழங்கை ஆழத்துக்கு. இஸ்திரி அறை உத்தரத்துக்கு இந்தப் பக்கம். டிடெக்டரோ உத்தரத்துக்கு அந்தப் பக்கம், சுவர் மூலையில், ஏசி காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது.

புகையும் தண்ணீர் மாதிரிதான். தண்ணீர் தரையில் பரவும், புகை கூரையில் பரவும். வயலில் வரப்பு தண்ணீரைத் தடுப்பதைப் போலக் கூரையில் உத்தரம் புகையைத் தடுக்கும். இந்தப் பக்கம் நிரம்பி வழிந்தால்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அப்படியே எட்டிப் பார்த்தாலும் சுவர் மூலைக்குப் புகை லேசில் போய்ச் சேராது. மிச்சம் மீதி வருவதையும் ஏசி ஊதித் தள்ளிவிடும். வேறு யார் வீடாக இருந்தாலும் வைத்தவனைக் கூப்பிட்டுக் கிழி கிழி என்று கிழித்திருப்பார்.

அன்று அவர் வாயே திறக்கவில்லை. ஏனென்றால், இந்த வீட்டில் சிகரெட் பிடிக்க ஓர் இடம் இருக்கிறது என்பது அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துபோயிற்று.

*

பார்சலை வாங்கிக்கொண்டு, மழை வருமா வராதா என்று வாட்ச்மேனோடு கொஞ்சம் வாயாடிவிட்டு, மூச்சு வாங்க மாடியேறினார். வாசற்கதவைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிட்டது.

ஒயர் இல்லை. மரம் இல்லை. பஞ்சு. துணி.

கையிலிருந்த பார்சல் கீழே விழுந்தது. மணியோசை கேட்டதும் இஸ்திரி அறையில் சிகரெட்டைத் தகர மூடியில் நசுக்கி, மூடியோடு சேர்த்துப் பழைய துணி மூட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடியது நினைவுக்கு வந்தது. நசுக்கினோமா, நசுக்கியதாக நினைத்தோமா?

நடையில் உத்தரத்துக்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கூரை பளிச்சென்று இருந்தது. டிடெக்டரின் குட்டி விளக்கு, எனக்கென்ன வந்தது என்பதுபோல் நிதானமாகக் கண்சிமிட்டியது.

"சம்பந்தியம்மா!"

பதிலுக்கு இருமல்தான் வந்தது. இஸ்திரி அறையை ஒட்டிய படுக்கையறையில் மதியத் தூக்கத்திலிருந்த அந்த அம்மாள், புகை தொண்டையை அடைக்க எழுந்து, ஒற்றைக் கண்ணோடு வழி தேடியிருக்கிறார். விரக்கடையார் போய்ச் சேர்வதற்குள் கதவு விளிம்பில் நெற்றி மோதி, 'அம்மா' என்று உட்கார்ந்துவிட்டார். மோதியது கட்டுப் போட்ட கண்ணின் பக்கம்.

"குனிஞ்சுக்கோங்க, குனிஞ்சே வாங்க, என் கையைப் பிடிங்க!"

எப்படி இழுத்தார், எங்கிருந்து பலம் வந்தது என்று அவருக்கே தெரியாது. வாசலுக்குக் கொண்டுவந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். எதிர்வீட்டு டீச்சர் ஓடிவந்து அம்மாளைத் தாங்கிக்கொண்டாள். விரக்கடையார் திரும்பினார். மெயின் சுவிட்சை இறக்கினார். குளியலறை வாளியில் போர்வையை முக்கியெடுத்துக்கொண்டு இஸ்திரி அறைக்குள் போனார். துணி மூட்டையின் ஒரு பக்கம் சிவந்து கனன்றுகொண்டிருந்தது. போர்வையைப் போட்டு அமுக்கி, மேலே வாளி வாளியாக ஊற்றினார்.

எல்லாம் அணைந்து, சாம்பல் தண்ணீர் நடை முழுக்க ஓடிய பிறகு, அலாரம் அலறத் தொடங்கியது. கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு வந்து நின்ற மேளக்காரன் மாதிரி.

அந்தச் சத்தத்துக்கு நடுவில், தண்ணீரில் கால் நனைய நின்றுகொண்டு அவர் அழுதார். யாரும் பார்க்கவில்லை.

*

சாயங்காலத்துக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள்.

மகள் செய்தி கேட்டதும் நோயாளியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து, மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பியிருந்தாள். நெற்றியில் வீக்கம். கண்ணுக்குப் புதுக்கட்டு. "நாளைக்குக் கட்டைப் பிரிச்சாதான் சொல்ல முடியும். அதுவரைக்கும் அசையாம படுத்திருக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மாப்பிள்ளை வந்ததும் வராததுமாக நடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அலாரம் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார். பிறகு ஹாலுக்கு வந்து கேட்டார்.

"நெருப்பு எப்படி வந்துச்சு?"

விரக்கடையார் வாயைத் திறந்தார்.

"நான்தாங்க" என்றாள் மகள். "காலைல கோட்டுக்கு இஸ்திரி போட்டேன். அவசரத்துல சுவிட்சை அணைக்காம போயிட்டேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? எங்க அம்மா கண்ணு போயிருக்கும். டாக்டருக்குப் படிச்சவ! இவ்வளவு அஜாக்கிரதையா ஒருத்தி இருப்பாளா?"

அவள் தலைகுனிந்து நின்றாள். மாப்பிள்ளை இன்னும் என்னென்னவோ சொன்னார். விரக்கடையார் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற மகள் தன் எதிரிலேயே, தான் செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குகிறாள். இவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழத்தான் முடியவில்லை.

அவளுக்குத் தெரியுமா? நிஜமாகவே இஸ்திரிப் பெட்டி என்று நினைத்துவிட்டாளா? அவள் முகத்தைப் பார்க்கவும் அவருக்குத் தைரியம் இல்லை.

அந்த நேரத்தில் கம்பெனியிலிருந்து டெக்னீஷியன் வந்தாள். தோளில் பை, கையில் நீண்ட கம்பு. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். வந்தவள் யாரிடமும் அதிகம் பேசவில்லை. கம்பு நுனியில் இருந்த குப்பியை டிடெக்டருக்கு நேராகப் பிடித்துப் புகையைப் பீய்ச்சினாள். அலாரம் உடனே வீரிட்டது.

"டிடெக்டர் நல்லாத்தான் இருக்கு சார்."

"நல்லா இருந்தா மதியம் ஏன் அடிக்கலை? எல்லாம் அணைஞ்சப்புறம் அடிச்சுதாம்!"

"ஒரு நிமிஷம் சார். காட்டறேன்."

இஸ்திரி அறை வாசலில் ஒரு தகர டப்பாவை வைத்து அதில் புகைத் திரியை ஏற்றினாள். வெள்ளைப் புகை எழுந்தது, கூரையைத் தொட்டது, விரிந்தது, ஊர்ந்து போய் உத்தரத்தில் முட்டி நின்றது. நின்று, அங்கேயே சுருண்டு சுருண்டு கனத்தது. அந்தப் பக்கம் ஒரு நூல் புகைகூடப் போகவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரக்கடையார் மட்டும் தரையைப் பார்த்தார்.

"பாருங்க, பீம் அடைச்சிடுது. இவ்வளவு ஆழமான பீம் இருந்தா, ரெண்டு பக்கத்தையும் ரெண்டு ரூம்னு கணக்கு வைக்கணும். இந்தப் பக்கத்துக்குத் தனியா ஒண்ணு வெச்சிருக்கணும். அது போதாதுன்னு மூலைல ஒட்டி, ஏசிக்கு எதிர்ல... இதைவிட மோசமான இடம் இந்த வீட்ல கிடையாது சார்."

"யாரும்மா வெச்சது? உங்க ஆளுங்கதானே! நான் விடப்போறதில்லை."

அவள் எதையோ சொல்ல வந்தாள். மாப்பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

திரியை அணைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் நாற்காலியில் இருந்தவரைச் சரியாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"சார்! விரக்கடை சார்தானே நீங்க?" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க சார், எல்லாரும் அப்படித்தான்... நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி கட்டினப்போ வந்தீங்களே சார், ஞாபகம் இருக்கா? ஒரு மாடி முழுக்கக் கழட்டி மாட்ட வெச்சீங்க. சுவர்லேர்ந்து நாலு விரக்கடை குறையுதுன்னு. எங்க முதலாளி கெஞ்சினார். 'குழந்தைங்க எழுந்து ஓடாதுய்யா'ன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்தது உண்மையான மரியாதை. அதைவிட யாராவது செருப்பால் அடித்திருக்கலாம்.

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பினார்.

"அப்போ நீங்க வந்த அன்னிக்கே இதைப் பார்த்திருப்பீங்களே, மாமா?"

"இல்ல மாப்பிள்ளை" என்றார் விரக்கடையார். "கவனிக்கலை. வயசாச்சு. மேலயெல்லாம் இப்ப பார்க்கறதில்லை."

டெக்னீஷியனின் சிரிப்பு நின்றது. இரக்கத்தோடு அவரைப் பார்த்தாள். "பரவாயில்ல சார்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

சமையலறையில் மகள் காபி கலந்துகொண்டிருந்தாள். அவர் போய் வாசலில் நின்றார். அவள் திரும்பவில்லை.

"உள்ள வாங்கப்பா."

டம்ளரை நீட்டினாள். கூடவே இன்னொரு கையையும் நீட்டி உள்ளங்கையைத் திறந்தாள். நனைந்து, கருகி, நசுங்கிய ஒரு சிகரெட் துண்டு.

"சாம்பலை வாரும்போது கிடைச்சது. அவர் பார்க்கறதுக்குள்ள எடுத்துட்டேன்."

"அம்மாடி..."

"சத்தியம் போகட்டும்பா. விட முடியலைன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அவ்வளவுதானே. நான் தினம் பத்து வாயைப் பார்க்கறவ. உங்க பல்லைப் பார்த்தே பாதி சந்தேகம் இருந்துச்சு. கேட்டா உங்களுக்கு அவமானமா இருக்குமேன்னு கேட்கலை." அவள் குரல் உடைந்தது. "ஆனா மேலயே பார்க்கலைன்னு சொன்னீங்களே. அதை எப்படிப்பா சொல்ல வந்துச்சு உங்களுக்கு? அம்மாவைப் பொண்ணு பார்க்கப் போன இடத்துல, பொண்ணைப் பார்க்காம கூரையைப் பார்த்த ஆளுன்னு சாகற வரைக்கும் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எங்க அப்பாவுக்கு வேற எது இல்லாட்டியும் அது ஒண்ணு இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவர் டம்ளரை மேடையில் வைத்தார்.

"பார்த்தேம்மா" என்றார். "முதல் நாளே பார்த்தேன். சொன்னா சரியான இடத்துல மாத்திடுவாங்க. மாத்திட்டா எனக்கு இடம் இருக்காது. அதான் சொல்லலை."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எவ்வளவு அசிங்கமானது என்று அவருக்கே கேட்டது. மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்மேலயே இருக்கட்டும்பா. இஸ்திரிப் பெட்டின்னே இருந்துட்டுப் போகட்டும். நாலு நாள் கத்துவார், அடங்கிடுவார். உங்களை இந்த வீட்ல யாரும் ஒரு மாதிரி பார்க்கறதை என்னால தாங்க முடியாது."

அதைக் கேட்டபிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

சம்பந்தியம்மாள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். விரக்கடையார் போய்க் கால்மாட்டில் நின்றார். உட்காரத் தோன்றவில்லை.

"சம்பந்தியம்மா, ஒரு விஷயம் சொல்லணும். அந்த நெருப்பு..."

"சிகரெட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு கண்ணுலதான் கட்டு, சம்பந்தி. மூக்கு நல்லாத்தான் இருக்கு." அந்த அம்மாள் அசையாமலே பேசினார். "நான் வந்த மறுநாளே தெரியும். எங்க வீட்டுக்காரரும் ஊதித் தள்ளினவர்தானே. எனக்குத் தெரியாத வாசனையா?"

"தெரிஞ்சுமா நீங்க யார்கிட்டயும்..."

"என்னத்தைச் சொல்றது? சொந்த வீட்டை வித்துட்டு, பொண்ணு வீட்ல ஒரு கட்டிலும் ஒரு அலமாரியுமா இருக்கற மனுஷர். அவருக்குன்னு ஒரு மூலையாவது இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அந்த மூலை இப்படி எரியும்னு எனக்குத் தெரியலை."

"எனக்குத் தெரியும்" என்றார் விரக்கடையார். "தெரியாம இருந்தது நீங்க. தெரிஞ்சு இருந்தது நான். அடுத்த ரூம்ல நீங்க தூங்கறீங்க, புகை வந்தா அலாரம் அடிக்காதுன்னு தெரிஞ்சேதான் தினமும் போய் உட்கார்ந்தேன்."

நல்ல கண்ணின் ஓரத்தில் ஒரு துளி இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கவும் தலையை அசைக்கக் கூடாது.

"நாளைக்குக் கட்டைப் பிரிக்கட்டும், சம்பந்தி" என்றார் கடைசியில். "என்ன சொல்றதுன்னு அதுக்கப்புறம் யோசிக்கிறேன். இப்ப எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலை."

திட்டியிருந்தால் தேவலை. 'பரவாயில்லை' என்றிருந்தாலும் தேவலை. அந்த நேர்மை அவரை நெஞ்சில் அறைந்தது.

*

மாப்பிள்ளை ஹாலில் போனும் கையுமாக இருந்தார். விரக்கடையார் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சிகரெட்டை, தகர மூடியை, மகள் தன்மேல் ஏற்றுக்கொண்ட பழியை, முதல் நாளே பார்த்ததை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சமையலறை வாசலில் மகள் சிலையாக நின்றாள்.

மாப்பிள்ளை கத்தவில்லை. போனை மேசைமேல் வைத்தார். அவர் முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அது வெளுத்தது விசித்திரமாக இருந்தது.

"எங்க அம்மா, மாமா" என்றார். அவ்வளவுதான்.

"எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை மாப்பிள்ளை. நீங்க என்ன சொன்னாலும் தகும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. இந்த வீட்ல இப்படி இருந்தா, எல்லா வீட்லயும் இப்படித்தான் இருக்கும். ஒரே மாதிரி கட்டின வீடு, அதே பீம், அதே நடை. எனக்கு அது அன்னிக்கே தெரியும். மேல கைக்குழந்தை இருக்கு, கீழ நடக்க முடியாதவர் இருக்கார். நான் போய் ஒவ்வொரு வீடா சொல்லிடறேன்."

"வேண்டாம்!"

அந்த வார்த்தை கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது. மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் செக்ரட்டரி, மாமா. நான் பார்த்துக்கறேன். கம்பெனிக்காரனை வெச்சு ரெண்டு நாள்ல மாத்திடுவேன். நீங்க போய் 'நான் சிகரெட் பிடிச்சேன், அதான்'னு வீடு வீடா சொன்னா யார் மானம் போகும்? இந்தக் குடும்பத்துக்கு ஒரு பேர் இருக்கு."

"இன்னிக்கு ராத்திரி எல்லாரும் தூங்குவாங்களே, மாப்பிள்ளை."

விரக்கடையார் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தார். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்படும் சத்தத்தை எதிர்பார்த்தார். அது கேட்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். டீச்சர் திறந்தாள். விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா. அம்மாவுக்கு எப்படி இருக்கு?"

"நாளைக்குத்தான் தெரியும்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உள்ள வரலை, இங்கயே சொல்லிடறேன்."

வாழ்நாளெல்லாம் அடுத்தவன் வீட்டு வாசலில் நின்று அடுத்தவன் தப்பைச் சொல்லியே பழகியவர். தன் தப்பைச் சொல்ல வார்த்தைகளைத் தேடவேண்டியிருந்தது. இஸ்திரி அறையில் ஒளிந்து சிகரெட் பிடித்ததைச் சொன்னபோது காது மடல் எரிந்தது. டிடெக்டர் தப்பான இடத்தில் இருப்பது தெரிந்தும் தன் சௌகரியத்துக்காக மூடி மறைத்ததைச் சொன்னபோது, டீச்சர் அவர் முகத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டாள். வகுப்பில் பெரிய பையன் அழும்போது அப்படித்தான் விலக்கிக்கொள்வாள் போல.

"உங்க வீட்லயும் அப்படியேதான் இருக்கும். இன்னிக்கு ஒரு நாளாவது அந்த நடையை ஒட்டின ரூம்ல யாரும் படுக்காதீங்க. அதை முதல்லயே அங்க வெச்சவன் யாரோ, அவனை..."

"முதல்லயே அங்க இல்லையே ஐயா" என்றாள் டீச்சர்.

"என்னம்மா?"

"நாங்க குடிவந்தப்போ நடு நடைலதான் இருந்துச்சு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு. சமையல்ல கொஞ்சம் தாளிச்சாப் போதும், இஸ்திரி ஆவி வந்தாப் போதும், கத்தும். ஆளாளுக்குப் புகார். அப்புறம் ஒருநாள் ஆளுங்க வந்து ஒண்ணைக் கழட்டிட்டு, இன்னொண்ணை அந்த மூலைக்குத் தள்ளி வெச்சுட்டுப் போனாங்க. எல்லா வீட்லயும். அதுலேர்ந்து சத்தமே இல்லை. எல்லாருக்கும் நிம்மதி. கூட்டத்துல கைதட்டினோம்கூட." அவள் தயங்கினாள். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். செக்ரட்டரி சார்தானே ஏற்பாடு பண்ணினார்? உங்க மாப்பிள்ளைதான்."

டெக்னீஷியன் சொல்ல வந்து விழுங்கியது என்னவென்று இப்போது புரிந்தது. வெளுத்த முகம் புரிந்தது. அந்த வேகமான 'வேண்டாம்' புரிந்தது.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. நான் மட்டும் இல்லை என்று நெஞ்சில் ஏதோ ஒன்று இளகிக் கொடுத்தது. இனி அந்த வீட்டில் அவரைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மறுகணம், உள்ளே அசையாமல் படுத்திருக்கும் அந்த அம்மாளின் முகம் கண்முன் வந்தது. இந்த நிலைமையிலும் தனக்கு நிம்மதி வருகிறதே என்று நினைத்தபோது, மதியத்திலிருந்து பட்ட வெட்கமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

டிடெக்டர் எங்கே இருக்கவேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. கூரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. சத்தம் நின்றால் சரி என்று நினைத்து மாற்றியவர். தெரிந்தவர் ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

"வரேம்மா" என்று திரும்பினார்.

எதிரே, திறந்திருந்த கதவில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால், ஹால் விளக்கு வெளிச்சத்தில், மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா, மாமா?" என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபம் இல்லை.

"என் பங்கைச் சொல்லிட்டேன், மாப்பிள்ளை" என்றார் விரக்கடையார்.